கொரோனாவுக்குப் பிறகு "சமூக அமைப்புகளை மாற்றி யோசிப்போம்" என்று பல்கலைக்கழகங்கள் நடத்தும் மக்கள் கூட்டங்களால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் அங்கே என்ன கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. "சமூகத்தை எப்படி மாற்றலாம்?" என்று கேட்டால் நல்ல பேச்சு கிடைக்கும், கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். "2020இல் நீங்கள் எந்த வாசலில் போய் நின்றீர்கள், என்ன காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். செய்வதற்கு வேலை வந்து குவியும்.

நான் கொங்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறையில் பாடம் எடுக்கிறேன். பெருந்தொற்று ஓய்ந்த பிறகு எங்கள் துறை திருப்பூர்ப் பக்கம் நடத்திவரும் மக்கள் உரையாடல்களை ஏற்பாடு செய்பவர்களில் நானும் ஒருத்தி. அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூரில் பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் சம்பளம் சனிக்கிழமை. ஊரடங்கை அறிவித்த 2020 மார்ச் 24 ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், 12 மணிக்கு நாடு மூடப்பட்டது. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கிறவர்கள் கையில் அன்றைக்கு இருந்தது முந்தின சனிக்கிழமைக் கூலியில் செலவு போக மிஞ்சியது மட்டும். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஏப்ரலில் 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசமாகக் கிடைத்தன. இங்கே ரேஷன் எல்லோருக்குமானது. ஏழையா இல்லையா என்று வடிகட்டும் வேலை இல்லாததால்தான் அவ்வளவு சீக்கிரம் கொடுக்க முடிந்தது. ஆனால் அதே லைன் வீட்டில் (வரிசையாகக் கட்டிய சிறு வாடகை வீடுகள்), அதே குழாயில் தண்ணீர் பிடிக்கிற ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்களுக்கு இங்கே அட்டை இல்லை. அட்டையே இல்லாத புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் இலவச தானியம் உண்டு என்று மத்திய அரசு அறிவித்தது மே 14 அன்று. நடுவில் ஏழு வாரம் போயிருந்தது.

அந்த ஏழு வாரத்தைப் பற்றித்தான் எங்கள் கூட்டங்களில் அதிகம் பேசியிருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒடிசாவிலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருவர் எழுந்து தன் செல்போனைக் காட்டினார். அதில் அவர் ஊர் ரேஷன் அட்டையின் புகைப்படம். அட்டை மாமியார் பெயரில் இருக்கிறது, இவர் பெயர் நாலாவது வரியில். "எங்க வீட்ல அரிசி இருக்கு, நான் இருக்கிற எடத்துல இல்லை" என்றார். செக்கிங் வேலை பார்க்கும் ஒடியாத் தம்பி ஒருவர் அதைத் தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். கூட்டம் முழுக்க அந்த அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டப்படி அவருக்கு இங்கேயே அரிசி கிடைக்க வேண்டும். "ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை" திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. புலம்பெயர் தொழிலாளர் வழக்கில் 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், இன்னும் சேராத மாநிலங்கள் ஜூலை 31க்குள் சேர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. குடும்பத்தில் ஒருவர் தன் பங்கை வேலை பார்க்கும் ஊரில் விரல் ரேகை வைத்து வாங்கிக்கொள்ளலாம், மீதியைச் சொந்த ஊரில் இருப்பவர்கள் வாங்கலாம். இதை எங்கள் பேராசிரியர் விளக்கியபோது, பின் வரிசையில் இருந்த ரேஷன் கடை விற்பனையாளர் ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, சட்டம் எனக்கும் தெரியுமுங்க. எனக்கு வர்ற மூட்டை எங்கடைக் கார்டுக்கு அளந்து வர்றது. இவங்களுக்குப் போட்டுட்டேன்னு வெச்சுக்கங்க, மாசக் கடைசில எங்க ஊர்க்காரங்க வந்து நின்னா நான் யாருகிட்டப் போய் நிக்கிறது?"

வழங்கல் துறையிலிருந்து வந்திருந்த அலுவலர், வெளிமாநில அட்டைக்குப் போட்டதெல்லாம் இயந்திரத்தில் தனியாகப் பதிவாகும், அதைக் காட்டிக் கூடுதல் ஒதுக்கீடு கேட்கலாம் என்றார். "கேட்டா எத்தனை நாள்ல வரும்?" என்று விற்பனையாளர் திருப்பிக் கேட்டார். அலுவலர் யோசித்தார். அன்றைய கூட்டத்திலேயே மிக முக்கியமான கேள்வி அதுதான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். டெல்லியில் போட்ட உத்தரவுக்கும் அந்த அக்காவின் அரிசிக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு பதில். மேடையில் இருந்தவர்கள் யாருக்கும் அது தோன்றியிருக்க வாய்ப்பில்லை. கடையில் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு. அதற்குக் கூலியில் 0.75 சதவீதம் தொழிலாளியும், 3.25 சதவீதம் முதலாளியும் கட்டுகிறார்கள். கொரோனா காலத்தில் வேலை இழந்த காப்பீட்டுதாரருக்கு 90 நாள் வரை சராசரிக் கூலியில் பாதியைத் தருவதாக அறிவித்தார்கள். அதற்கு முன்பு அது கால் பங்காக இருந்தது. இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும், இத்தனை வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. எங்கள் கூட்டத்துக்கு வந்தவர்களில் அதை வாங்கியவர் ஒருவரும் இல்லை. பலருக்குத் தங்கள் ஈ.எஸ்.ஐ. எண்ணே தெரியாது. பாதுகாப்பு என்று ஒன்று சட்டத்தில் இருந்தும், யாருக்காக இருக்கிறதோ அவருக்குச் செய்தி போய்ச் சேராவிட்டால் இல்லாததற்குச் சமம்தான்.

தாங்கி நின்ற விஷயங்களையும் சொல்ல வேண்டும். என்ன உடைந்தது என்று மட்டும் பேசினால் பாதிக் கதைதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் "மக்களைத் தேடி மருத்துவம்", அதே வருடம் அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய, தன்னார்வலர்கள் மாலையில் வகுப்பெடுக்கும் "இல்லம் தேடிக் கல்வி" இரண்டும் பெருந்தொற்று கற்றுக்கொடுத்த பாடத்திலிருந்து பிறந்தவை. வாசலுக்கு வந்து நிற்பது அரசாங்கத்தின் வேலை என்று அவை சொல்கின்றன. இல்லம் தேடிக் கல்விக்கு அளவிட்ட சான்றே இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். பள்ளி மூடியதால் படிப்பில் விழுந்த பள்ளம் பெரியது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அடைபட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்குக் காரணம் இந்த மாலை நேர வகுப்புகள்.

அந்த வகுப்புகளை எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். எங்கள் கூட்டத்துக்கு வந்த தன்னார்வலர் ஒருவர் அழுத்தமாகச் சொன்னார்: "பிள்ளைங்க 'மிஸ்'ஸுன்னு கூப்பிடுறப்ப சந்தோஷமா இருக்குங்க. ஆனா சாக்பீஸும் சார்ட்டும் வாங்கி, பஸ்ஸுக்கும் குடுத்தா அந்த ஆயிரத்துல என்ன மிச்சம்?" எனக்கு இது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம்மைத் தாங்கிய அமைப்புகளைத் தாங்கியது குறைந்த கூலிப் பெண் உழைப்புதான். தூய்மைப் பணியாளர், சத்துணவு ஊழியர் எல்லாக் கதையும் ஏறக்குறைய இதுதான். சமூக அமைப்பை மாற்றி யோசிக்கிறோம் என்றால் இந்தக் கூலியில் கை வைக்காமல் யோசிக்க முடியாது.

மருத்துவத் திட்டத்திலும் ஒரு குறையைத் தொழிலாளர்களே எடுத்துச் சொன்னார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு ஆள் வீடு தேடி வருகிற பகல் நேரத்தில் லைன் வீடு பூட்டிக் கிடக்கும். எல்லோரும் ஒன்றரை ஷிப்டில் இருப்பார்கள். வேலை செய்கிற இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" பிற்பாடு வந்தது. அது சிறு யூனிட்கள் வரை போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

"இதையெல்லாம் கேட்டு எழுத ஒரு பல்கலைக்கழகம் எதற்கு, அரசே செய்யலாமே?" என்று கேட்பீர்கள். மேலே இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து யோசித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. நகரத்தைச் சீரமைக்க 1898இல் ஒரு மேம்பாட்டு அறக்கட்டளையை உருவாக்கினார்கள். அகலத் தெரு, காற்றோட்டம் என்று நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் அது இடித்த குடியிருப்புகள் அதிகம், ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்தவை குறைவு. வீடு இழந்தவர்கள் பக்கத்துச் சேரிகளில் போய் நெருக்கினார்கள். எந்த நெரிசலைக் குறைக்க வந்தார்களோ அந்த நெரிசலே கூடியது. அங்கே குடியிருந்த ஆலைத் தொழிலாளியைக் கூப்பிட்டு வைத்து யாரும் கேட்கவில்லை.

(கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. அந்த நோயை மக்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்று தெரிகிறது. ஆனால் யாருக்குக் கஞ்சி கிடைத்தது, யார் எந்தக் கொட்டகையில் செத்தார் என்று குடும்பங்கள் சொன்ன சொல்லை எழுதி வைத்தவர் அரிது. கொரோனாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.)

பல்கலைக்கழகத்தால் முடிவது இரண்டு. ஒன்று, எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது. தொழிற்சங்கம் கூப்பிட்டால் கம்பெனிக்காரர் வர மாட்டார், கம்பெனி கூப்பிட்டால் தொழிலாளி வாய் திறக்க மாட்டார். துறையின் கடிதத் தாளில் அழைப்புப் போனால் இரு தரப்பும் வருகிறார்கள், அலுவலரும் வருகிறார். இரண்டு, எங்களிடம் மாணவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் சொன்ன குறையை எழுதிக்கொண்டு மறு வாரம் அந்த வீட்டுக்கே போய், இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவேடு) பதிவு இருக்கிறதா, ஆதாரில் பெயர் சரியா, ஈ.எஸ்.ஐ. எண் என்ன என்று உட்கார்ந்து பார்க்க அவர்களால் முடியும். களப்பணி மதிப்பெண்ணும் அதற்குத்தான் கொடுக்கிறோம். தைத்துத் தைத்து ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காதபோது என்ன செய்வது என்பதைப் பாடப் புத்தகத்தில் அவர்கள் படிக்க முடியாது.

கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழுவுக்குக் காட்டப் புகைப்படம் வேண்டும் என்பதற்காக மட்டும் நடக்கும் கூட்டங்களும் இருக்கின்றன. விருந்தினர் பேசுவார், பொன்னாடை போர்த்துவார்கள், கேள்வி நேரம் பத்து நிமிடம். அவற்றை விட்டுவிடலாம். எந்தக் கூட்டம் எந்த வகை என்பது ஒரு விஷயத்தில் தெரிந்துவிடும்: போன கூட்டத்தில் வந்த குறை என்ன ஆயிற்று என்று அடுத்த கூட்டம் தொடங்கும்போது யாராவது எழுந்து வாசிக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் கூட்டம் அப்படித்தான் தொடங்கும். "நடக்கவில்லை" என்று வாசிக்க வேண்டிய வரிகளும் நிறைய இருக்கும். அவற்றையும் சேர்த்துத்தான் வாசிக்கிறோம்.

உங்கள் ஊரில் யாராவது இதை நடத்த நினைத்தால், வார நாளில் கல்லூரி அரங்கத்தில் வைக்க வேண்டாம். தொழிலாளிக்கு விடுமுறை நாளில், அவர் நடந்து வரக்கூடிய மண்டபத்தில் வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போடுங்கள், இல்லாவிட்டால் பெண்கள் வர மாட்டார்கள். பேசுகிறவரின் மொழி தெரிந்தவரை முதலிலேயே தேடிப் பிடித்து, அவருடைய அன்றைய நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் எடுத்திருக்கும் விஷயம் வாடகை. 2020இல் வீட்டு உரிமையாளர்கள் சிலர் வாடகையை விட்டுக்கொடுத்தார்கள், சிலர் அட்வான்ஸில் கழித்தார்கள், சிலர் காலி செய்யச் சொன்னார்கள். எதற்கும் எழுத்து இல்லை. வாடகை ஒப்பந்தம் என்று ஒரு தாள் இல்லாததால் முகவரிச் சான்று இல்லை, அது இல்லாததால் கேஸ் இணைப்பு வாங்குவதும் சிரமம். லைன் வீட்டு உரிமையாளர்கள் சிலரை நேரில் போய் அழைத்திருக்கிறோம். இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.