சாளையின் வயது

அன்புள்ள ஐயா,

காங்கேயம் அருகே எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்துச் சாளை இருக்கிறது; நடுவில் திறந்த முற்றம் வைத்துக் கட்டிய தொட்டிக்கட்டு வீடு. ஓடு மாற்ற ஏறியபோது ஓட்டின் அடிப்புறத்தில் 'பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை, 1865, மங்களூர்' என்று ஆங்கிலத்தில் பதித்திருந்தது. அப்படியானால் வீடு 1865இல் கட்டியதுதானே? கூரையைத் தாங்கும் பனங்கைகள் (பனைமரச் சட்டங்கள்) ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கிக் கிடக்கின்றன. சுவரின் அடியில் காரை உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். இத்தனை பெரிய வீட்டில் செட்டிநாட்டு வீடுகள்போல ஒரு வேலைப்பாடும் இல்லையே என்பதுதான் என் குறை.

ச., காங்கேயம்

அன்புள்ள ச.,

1865 உங்கள் வீட்டின் ஆண்டு அல்ல. பாசல் மிஷன் மங்களூரில் அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு. பின்னாளில் சுட்ட ஓடுகளிலும் அதையே பதித்தார்கள். முதல் உலகப்போரை ஒட்டி அந்தத் தொழில்கள் மிஷனிடமிருந்து கைமாறிவிட்டன. ஆகவே ஓடு அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும். மங்களூருக்கு ரயில் வந்ததே 1907இல்தான். காங்கேயம்வரை ஓடு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு என்பது என் ஊகம்.

ஆனால் வீடு ஓட்டைவிட மூத்தது என்றே நினைக்கிறேன். போகிறபோக்கில் நீங்கள் சொன்ன பனங்கைதான் சாட்சி. மங்களூர் ஓட்டுக்குக் கைகளை அவ்வளவு நெருக்கிப் போட வேண்டியதில்லை. அடுக்கடுக்காக வேயும் நாட்டு ஓட்டின் கனத்துக்குத்தான் அப்படிப் போடுவார்கள். பழைய பாகப்பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நாட்டு ஓட்டு வீடா, சீமை ஓட்டு (மங்களூர் ஓட்டு) வீடா என்று அதில் எழுதியிருக்கக்கூடும்.

வேலைப்பாடு இல்லை என்று வருந்தாதீர்கள். செட்டிநாட்டு வீடுகள் கடல் கடந்த வணிகத்தின் பணத்தில் ஊருக்குள் எழுந்தவை. உங்கள் சாளை கிணற்றை நம்பி எழுந்தது. விடியுமுன் கவலை, அதாவது மாடுகளைக் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் ஏற்பாடு, பூட்ட வேண்டும். மாடுகள் வாரி என்னும் சரிவுப் பாதையில் இறங்கியும் பின்னேறியும் சால் சாலாக நீர் இறைக்க, ஒருவர் மடை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊரிலிருந்து நடந்து வந்து செய்கிற வேலையா அது? அதனால்தான் கொங்கில் குடியானவர்கள் தோட்டத்திலேயே குடியிருந்தார்கள். மாடு கட்டும் கட்டுத்தரை கூப்பிடு தூரத்தில் இருந்தது, தானியம் காயத் தொட்டிவாசல் திறந்து கிடந்தது. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தது. கிணறுகளில் மெல்ல மெல்ல மோட்டார் ஏறியதும் கவலை மறைந்தது. உங்கள் கிணற்றடியில் வாரியின் சரிவு ஒரு மண்மேடாகவாவது மிஞ்சியிருக்கும், தேடிப் பாருங்கள்.

சிமெண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று சுவரை அரிக்கும். முதலில் தாழ்வாரத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வாய்க்கால் எடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பே பூசுங்கள். இந்தக் கொத்தனாருக்கு அது பழக்கமில்லை என்றால், பழகியவர் கிடைக்கும்வரை காத்திருங்கள். இந்த மழைக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.