உப்புக் காற்றும் தோட்டாப் பெட்டியும்

ராணுவத்தின் வெடிபொருள் கிடங்கில் பத்தொன்பது ஆண்டுகள் காவலும் கணக்கும் பார்த்தவன் நான். இப்போது தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிறேன். தோட்டாவையும் வெடிமருந்தையும் வீட்டில் பாதுகாப்பாக வைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எப்படி நிரப்புவது, எதைக் கலப்பது என்று கேட்டால் பதில் கிடையாது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

திருவாடானை விவசாயி: அண்ணே, பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. ஐப்பசி மழையில் கரிமருந்து கட்டி பிடித்துவிட்டது. வெயிலில் காயவைக்கலாமா?

வேண்டாம் தம்பி. ஈரம் பட்டதும் அதிலுள்ள வெடியுப்பு கரைந்து இடம் மாறிவிடும். காய்ந்த பிறகு பார்க்கப் பழைய மருந்து போலத்தான் இருக்கும், ஆனால் பழைய கலவையாக இருக்காது. அதைவிடப் பெரிய பயம் பொறி. கரிமருந்துக்கு ஒரு சிறு பொறி போதும். முற்றத்தில் பரப்பிவைத்திருக்கும்போது யாரோ ஒருவர் பீடியோடு கடந்து போவார். கட்டியை உடைக்காமல், வாங்கிய கடையிலோ காவல் நிலையத்திலோ முதலில் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.

மண்டபம் வாசகர்: என் மருமகன் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே சட்டப்படியே தோட்டாவை வீட்டில் நிரப்பிச் சுடுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு வேண்டிய மருந்தை வாங்கி, கார் நிறுத்தும் கொட்டகையில் கனத்த இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கிறாராம். சரிதானே?

இரண்டு தவறு இருக்கிறது ஐயா, இன்றைக்கே அவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். முதல் தவறு பெட்டி. இக்காலத் தோட்டாவில் போடும் புகையில்லா மருந்து திறந்த வெளியில் தீப்பிடித்தால் வேகமாக எரியும், அவ்வளவுதான். கனத்த இரும்புக்குள் அடைபட்டு எரிந்தால் அந்தப் பெட்டியே குண்டாகிவிடும். அழுத்தம் ஏறினால் சட்டென்று விட்டுக்கொடுக்கும்படிதான் ஆலையிலிருந்து வரும் டப்பாவைச் செய்கிறார்கள். அந்த டப்பாவிலேயே, பெயர்ச் சீட்டோடு, மர அலமாரியில் இருக்கட்டும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதிமுறை வீட்டில் 20 பவுண்டு வரை, அதாவது சுமார் 9 கிலோ, மூல டப்பாவில் வைக்க இடம் தருகிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். ஊருக்கு ஊர் கட்டுப்பாடு இதைவிடக் கடுமையாக இருக்கலாம், விசாரித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது தவறு இடம். கோடையில் அந்தக் கொட்டகை செங்கல் சூளை மாதிரிக் கொதிக்கும். இந்த மருந்தின் உயிர் நைட்ரோசெல்லுலோஸ். அது சும்மா இருந்தாலும் மெல்ல மெல்லச் சிதையும், அப்போது வெளிவரும் வாயு சிதைவை மேலும் விரட்டும். அந்த வாயுவை உறிஞ்சத்தான் டைஃபினைலமீன் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். வெயில் ஏற ஏற அது சீக்கிரம் தீர்ந்துபோகும். வீட்டுக்குள் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தால் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கிற மருந்துதான் அது.

கெட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? மூடியைத் திறந்ததும் நல்ல மருந்தில் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தை நினைவூட்டும் மெல்லிய வாசனை வரும். கெட்டதில் மூக்கைக் குத்தும் அமில நெடி இருக்கும், செம்பழுப்பில் தூளோ புகையோ தெரியும், தகர மூடியின் உட்புறம் துருவேறியிருக்கும். அப்படியென்றால் ஒரு நாள்கூட வீட்டில் வைக்கக் கூடாது. உள்ளூர்த் தீயணைப்புத் துறையைக் கேட்டு அப்புறப்படுத்தட்டும்.

அவரே: பிரைமர்களை, அதாவது தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகளை, ஒரு கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைத்திருக்கிறாராம்.

ஐயோ, அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஒன்று வெடித்தால் தொட்டுக்கொண்டிருக்கும் அத்தனையும் ஒரே நொடியில் வெடிக்கும், கண்ணாடி சில்லுகளாகப் பறக்கும். அறை அறையாகப் பிரித்த அட்டையில் ஆலை அடுக்கித் தருவது இதற்காகத்தான். அந்த அட்டை கைவசம் இல்லையென்றால் புட்டியைக் குலுக்காமல், வேறு எதிலும் மாற்றிக் கொட்டாமல், தீயணைப்புத் துறையிடம் யோசனை கேட்கட்டும். இனி வாங்குபவற்றை வந்த அட்டையிலேயே, மருந்து இருக்கும் அலமாரியிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

கீழக்கரை வாசகர்: உரிமத்தில் வாங்கிய ரைஃபிள் தோட்டாக்களின் கழுத்தில் மயிரிழை போல விரிசல். உப்புக் காற்றுதான் காரணமா?

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். பின்கட்டு அறை, ஒரு சுவருக்கு அப்பால் ஆட்டுக்கொட்டில், அதே அறையில் கருவாட்டுக் கூடை என்றார். விடை அங்கேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் அடுக்கிய தோட்டாக்கள் இப்படித்தான் கழுத்தில் விரிந்தன. பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். தோட்டாவின் கூட்டைப் பித்தளையை வளைத்து இழுத்து உருவாக்கும்போது உள்ளே இறுக்கம் தங்கிவிடுகிறது. ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் இறுக்கம் உள்ள இடத்தில் பிளந்துகொள்ளும். ஆட்டு மூத்திரமும் கெட்டுப்போகும் மீனும் அதே வேலையைச் செய்யும், யூரியா மூட்டையும் அப்படித்தான். உப்புக் காற்று பித்தளையின் நிறத்தைக் கெடுக்கும், அடிப்பாகம் எஃகாக இருந்தால் அதைத் துருவாக்கும். இந்த விரிசலுக்கு நான் கொட்டிலைத்தான் குற்றம் சொல்வேன்.

விரிந்த தோட்டாவை எக்காரணம் கொண்டும் சுடாதீர்கள். மற்றவற்றை ரப்பர் விளிம்புள்ள பெட்டியில், மழையில்லாத நாளில் மூடி வையுங்கள். முழுத் தோட்டாவுக்கு அந்தப் பெட்டி நல்லது, தனி மருந்துக்கு ஆகாது. ஈரத்தை உறிஞ்சும் நீல நிறச் சிலிக்கா ஜெல் பை ஒன்று உள்ளே கிடக்கட்டும். புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். ரோஜா நிறமாக மாறியிருந்தால் அது குடித்து முடித்துவிட்டது, புதிதாக வாங்கிப் போடுங்கள். சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம், அந்த நீலம் கோபால்ட் நஞ்சு.

தொண்டி வாசகர்: தாத்தாவின் தோல் பெல்ட்டிலேயே தோட்டாக்களை விட்டுவைக்கலாமா? எண்ணெய் தடவினால் துரு பிடிக்காதே?

தோலில் உள்ள பதனச் சாறு பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். கழற்றிவிடுங்கள். எண்ணெய் பிரைமருக்குள் கசிந்து அதை ஊமையாக்கும், தடவாதீர்கள்.

சாயல்குடி சகோதரி: ஐயா, கணவர் இறந்து எட்டு மாதமாகிறது. அவருடைய துப்பாக்கியும் ஒரு பெட்டித் தோட்டாவும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. தொடவே பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை அம்மா, ஆனால் இனியும் தள்ளிப்போட வேண்டாம். உரிமம் அவர் பெயருக்கு மட்டுமே. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி இவற்றைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். நீங்களாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இறப்புச் சான்றிதழும் உரிமப் புத்தகமும் எடுத்துக்கொண்டு முதலில் நிலையத்துக்குப் போங்கள், எப்படிக் கொண்டுவருவது என்று அவர்கள் சொல்வார்கள். ஒப்படைத்ததும் எண்ணிக்கை எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அலமாரிச் சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும், பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

பாம்பன் இளைஞர்: வேண்டாத பழைய தோட்டாவைப் புதைத்துவிட்டாலோ கடலில் போட்டுவிட்டாலோ என்ன?

2018 ஜூன் மாதம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வெளிவந்ததை மறந்துவிட்டீர்களா தம்பி? இலங்கைப் போர்க் காலத்தில் யாரோ புதைத்தது, மண்வெட்டி பிடித்த கூலியாளின் காலடியில் வந்து நின்றது. கடலில் போட்டால் நாளை ஒருவரின் வலையில் ஏறும். தோண்டும்போது நீங்களே இப்படி ஒன்றைக் கண்டால் மண்வெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்தி, 100க்குச் சொல்லுங்கள்.