பூண்டு மாத்திரை டப்பாவில் போட்டிருக்கும் அல்லிசின் அளவை நம்பலாமா? அதை எப்படி அளக்கிறார்கள்?

வீட்டில் யாருக்கோ கொழுப்பு கூடியிருக்கும், யாரோ பூண்டு மாத்திரையைச் சொல்லியிருப்பார்கள், டப்பாவில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். தனியார் பரிசோதனைக் கூடமொன்றில் பல வருடம் குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நசுக்கிய பூண்டுக்கு நெடி தரும் பொருள்தான் அல்லிசின். ஆனால் பூண்டுப் பொடி மாத்திரைக்குள் அது இருப்பதில்லை. இருப்பவை அல்லீன் என்ற பொருளும் அல்லீனேஸ் என்ற நொதியும்தான். ஈரம் பட்டு இரண்டும் சேர்ந்தால்தான் அல்லிசின் உண்டாகும்.

மாத்திரையை அரைத்து வெறும் தண்ணீரில் கலக்குவோம். கலக்கிய கையோடு நெடி மூக்கில் ஏறும். வடிகட்டி, கரைசலில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ஏற்றினால், 240 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் வரைபடத்தில் அல்லிசினுக்கான ஒரு முகடு எழும். அதன் பரப்பை வைத்துக் கணக்கிடுவதுதான் 'அல்லிசின் திறன்'. ஆனால் வயிற்றில் இருப்பது வெறும் தண்ணீரா? அமிலம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 3க்குக் கீழே போனால் அந்த நொதி செத்துவிடும். அதனால்தான் சில மாத்திரைகளுக்கு வயிற்றில் கரையாமல் குடலில் கரையும் பூச்சு. அத்தகைய மாத்திரையை முதலில் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு குடலை ஒத்த கரைசலில் போட்டு அளந்தால் வருவது இன்னோர் எண். அது 'வெளியாகும் அல்லிசின்'.

ஒரு கம்பெனி மாத்திரைக்கு இரண்டையும் அளந்தேன். இரண்டாவது எண் முதலாவதன் பக்கத்தில்கூட வரவில்லை. மேலாளர் கூப்பிட்டார். "ஏம்மா, பெரிய எண் கையில் இருக்கும்போது சின்னதை எதற்கு எழுதியிருக்கிறாய்?" அறிக்கையில் இரண்டும் இருக்கும், இல்லையென்றால் என் கையெழுத்து இருக்காது என்றேன். அறிக்கையில் இரண்டு எண்களும் கம்பெனிக்குப் போயின. டப்பாவில் பெரியது மட்டும் வந்தது.

அந்த ஒரு கம்பெனியின் தில்லுமுல்லு என்று நினைக்காதீர்கள். 2001இல் அமெரிக்க ஆய்வாளர் லாரி லாசன் 24 வகைப் பூச்சு மாத்திரைகளைச் சோதித்தார். பெரும்பாலானவை தம் திறனில் 15 சதவீதத்தைக்கூட வெளிவிடவில்லை. "அதே லாசன் 2018இல் என்ன சொன்னார் தெரியுமா?" என்று ஒருவர் வருவார். தெரியும் ஐயா. மாத்திரை சாப்பிட்டவர்களின் மூச்சுக்காற்றில் அல்லிசினிலிருந்து வரும் பொருளை அளந்து பார்த்ததில், பல மாத்திரைகளிலிருந்து உடலில் சேர்வது எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றார். டப்பாவில் எந்த எண் என்று சொல்லாமல் அச்சடிப்பது அதனால் நியாயமாகிவிடாது. பாட்டி வைத்தியத்தையும் நான் பழிக்கவில்லை. எங்கள் வீட்டு ரசத்திலும் பூண்டு உண்டு.

  

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் 'திறன்' என்றிருக்கிறதா, 'வெளியாகும்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். வாடையில்லாத, ஊறவைத்து முதிர்ந்த பூண்டுச் சாறு என்றால் அல்லிசினைத் தேடாதீர்கள். அதில் எஸ்-அல்லைல் சிஸ்டீன் என்ற வேறொரு பொருளைத்தான் அளப்பார்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், வாங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு நான் ஆளில்லை.