ஸ்டெல்வியோ: கால் போதும், கியர் போதாது

கேள்வி: நெதர்லாந்தின் ஐந்தோவனில் வேலை பார்க்கிறேன். வயது 44, எடை 78 கிலோ. வார இறுதிகளில் ரோடு சைக்கிளில் 70 கி.மீ. வரை, மணிக்கு 27 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறேன். எல்லாம் சமதரை. ஜூலை நடுவில் குடும்பத்தோடு இத்தாலி போகும்போது ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாயை, அடிவாரத்து ஊரான பிராட்டோ பக்கமிருந்து ஏற ஆசை. சைக்கிளின் முன் பற்சக்கரங்களில் 50, 34 பல், பின் பற்சக்கரங்களில் 11 முதல் 28 பல் வரை. முடியுமா? மனைவி மின்சைக்கிளை வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்.

பதில்: முடியும். ஆனால் அந்த 28 பல்லோடு போகாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். பிராட்டோவிலிருந்து உச்சிக்குச் சுமார் 24 கி.மீ. அதற்குள் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயர்கிறீர்கள். சராசரிச் சரிவு ஏழரை சதவீதம். உங்கள் எடை, சைக்கிள், தண்ணீர், சட்டை எல்லாம் சேர்ந்து 88 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் சமதரையில் 27 கி.மீ. வேகத்துக்கு நீங்கள் செலவிடுவது சுமார் 130 வாட். பழகினால் 160 வாட்டைத் தொடர்ந்து தர முடியும். அந்தத் திறனில் மேலே போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். வேகம் மணிக்கு 8 கி.மீ. அந்த வேகத்தில் 34-க்கு 28 கியரில் உங்கள் கால் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் படிக்கட்டு ஏறுவதுபோல இருக்கும். பத்து நிமிடத்துக்குப் பரவாயில்லை, மூன்று மணி நேரத்துக்கு முழங்கால் தாங்காது. பின்னே 34 பல் மாட்டினால் அதே வேகத்தில் 63 சுற்று வரும். பாரம் தசையிலிருந்து மூச்சுக்கு மாறும். மூச்சு இரவோடு இரவாகத் தேறிவிடும், தசை அப்படித் தேறாது. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: பின் கியர் மாற்றியின் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் பகுதி) குட்டையாக இருந்தால் 34 பல் ஏறாது. செயினையும் நீளமானதாக மாற்ற வேண்டியிருக்கலாம்.

கனமான கியரில் ஏறுவதுதான் வீரம் என்று சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. இந்தச் சாலையே அவர்களுக்குப் பதில். வட இத்தாலியின் லொம்பார்டியைத் தன் ஆட்சியில் வைத்திருந்த ஆஸ்திரியப் பேரரசு, மிலானை வியன்னாவோடு இணைக்க 1820 முதல் 1825 வரை இதைப் போட்டது. பொறியாளர் கார்லோ தொனேகானி. குதிரை வண்டிகள் ஏற வேண்டும் என்பதால் சரிவை அடக்கி, நீளத்தைக் கூட்டி, மலையை மடித்து மடித்துப் போட்டார். பிராட்டோ பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது அதனால்தான். 1820-களின் குதிரைக்குக் கிடைத்த சலுகையை நாமும் வாங்கிக்கொள்வதில் வெட்கம் என்ன?

வளைவுகளுக்கு எண் பலகை உண்டு, 48-இலிருந்து இறங்குமுகமாக. ஆனால் ட்ரஃபோய் என்ற சிற்றூரை நெருங்கும்வரை பெரிதாக வளைவுகளே வராது. பள்ளத்தாக்கின் ஓடையோரம் சாலை அமைதியாகப் போகும். ஆபத்து இங்கேதான். கால் புதிது, காற்று குளிர், மற்றவர்கள் முந்துவார்கள், நீங்களும் துரத்துவீர்கள். துரத்தாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே இருங்கள். 1953-இல் ஜிரோ தி இத்தாலியா சைக்கிள் பந்தயம் முதல்முறையாக இந்தக் கணவாயில் ஏறியபோது ஃபௌஸ்டோ கோப்பி, தன் போட்டியாளர் ஹூகோ கோப்லெட்டை உதறிவிட்டுப் போனதும் அடிவாரத்தில் அல்ல, ஏற்றத்தில் வெகுதூரம் வந்த பிறகுதான்.

2,188 மீட்டரில் ஃபிரான்சென்ஸ்ஹோஹே என்ற இடம் வரும். அங்கிருந்து மிச்சமிருக்கும் வளைவுகள் எதிர்ச்சுவரில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். அழகுதான், ஆனால் மனத்தை உடைக்கும் அழகு. அண்ணாந்து பார்க்காமல் அடுத்த பலகையை மட்டும் பாருங்கள். உச்சி 2,757 மீட்டர். அந்த உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் உங்கள் திறனில் பத்தில் ஒரு பங்காவது போய்விடும். கடைசி ஐந்து கி.மீ. மெதுவாவது உங்கள் தவறல்ல.

பயிற்சிக்கு உங்கள் ஊரில் மலை இல்லை, எதிர்க்காற்று உண்டு. வாரம் இரு முறை காற்றுக்கு எதிராக 20 நிமிடம், இரண்டு தடவை, உட்கார்ந்தே, 60 சுற்றுக்குப் பக்கத்தில் மிதியுங்கள். லிம்புர்க் மாகாணத்து மேடுகளுக்குப் போவதில் தவறில்லை, ஆனால் அவை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வீட்டுக்குள் ஓட்டும் பயிற்சிக் கருவியில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் மிதிப்பது அதைவிட நல்லது. நெஞ்சுவலியோ ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் மருத்துவர்.

ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 1,700 கிலோகலோரி செலவாகும். பசிப்பதற்கு முன்பே, அரை மணிக்கு ஒரு தடவை, வாழைப்பழமோ பேரீச்சையோ சாப்பிடுங்கள். தண்ணீரை ட்ரஃபோயில் நிரப்புங்கள்.

எல்லோரும் ஏற்றத்துக்கே பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது இறக்கத்துக்கு. அடிவாரத்தில் 28 டிகிரி என்றால் உச்சியில் 16 இருக்கும். வியர்வையில் நனைந்த உடம்போடு காற்றைக் கிழித்து இறங்கும்போது அது 5 போல உறைக்கும். ஒரு முறை மெல்லிய கையுறையோடு இறங்கி, விரல் மரத்துப் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் ஓரமாக நின்று, கையை அக்குளில் வைத்துச் சூடேற்றியிருக்கிறேன். காற்று புகாத சட்டையும் முழுவிரல் கையுறையும் கட்டாயம். பிரேக்கை விடாமல் தேய்க்காதீர்கள், சூடேறும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, கண் வளைவு முடியும் இடத்தில். எதிரே பேருந்து வரும். சாலையில் உங்கள் பாதியைத் தாண்டாதீர்கள்.

வந்த வழியே இறங்க வேண்டியதில்லை. மலையின் மறுபுறம், போர்மியோ ஊர்ப் பக்கம் சுமார் மூன்று கி.மீ. இறங்கினால் வலப்புறம் உம்பிரைல் கணவாய். அதன் வழியே சுவிட்சர்லாந்தின் சாந்தா மரியாவுக்கு இறங்கி, மியூஸ்டேர் தாண்டி மீண்டும் இத்தாலிக்குள் வரலாம். போக்குவரத்து குறைவு. கடவுச்சீட்டையும் குடியிருப்பு அட்டையையும் சட்டைப்பையில் வையுங்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால் கைபேசி டேட்டாவுக்குத் தனிக் கட்டணம் விழலாம், முன்பே பாருங்கள்.

மின்சைக்கிளைப் பற்றி: அதில் ஏறுவதும் ஏறுவதுதான், ஆனால் உங்கள் கேள்வியில் அந்த ஆசை இல்லை. மனைவிக்கு வேண்டுமானால் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், சேர்ந்தே ஏறலாம். அவர் காரில்தான் வருவார் என்றால் உச்சியில் காத்திருக்கச் சொல்லாதீர்கள், ஜூலையில் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். குளோரென்சா என்ற மதில் சூழ்ந்த சிறு நகரம் நீங்கள் திரும்பும் வழியில்தான் இருக்கிறது. பிள்ளைகளோடு அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவீர்கள்.