குளத்துப் பாசிதான் மாமரத்துக்கு நெருங்கிய சொந்தம்

கேள்வி: தக்கலை பக்கம் பள்ளி ஆசிரியை நான். அறிவியல் கண்காட்சிக்கு முட்டம் கடற்பாறைப் பாசி, குளத்துப் பாசி, கையாலையில் (எல்லைச் சுவரில்) படரும் பாசி மூன்றையும் வைக்கப் போகிறோம். பூச்செடி வரை எந்த வரிசையில் அடுக்குவது? கெடாமல் எப்படி வைப்பது?

பதில்: வரிசையாக அடுக்காதீர்கள், கிளை விட்ட மரமாக வரையுங்கள். எல்லாவற்றையும் 'பாசி' என்றே சொல்லிப் பழகியதால் வரும் குழப்பம் இது. கையாலையில் பச்சை வெல்வெட்டாகப் படர்வது ஆல்கா (நீரில் வாழும் உண்மையான பாசி) அல்ல, மாஸ் என்ற நிலத் தாவரம். பிரியாணியில் போடும் கல்பாசியோ பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன். கடற்பாசிகளில், பழுப்பு நிற சர்காசம் பச்சைச் செடிகளுக்கு வெகு தூரம். அதன் முன்னோர் ஒரு சிவப்பு ஆல்காவை உள்ளே வாங்கித்தான் ஒளிச்சேர்க்கை செய்யும் திறனைப் பெற்றது. பச்சை நிற உல்வா ஓரளவு உறவு.

நிலத்தில் ஏறியது நன்னீர் ஆல்கா வழி. இன்றைய ஆல்காக்களில் நிலத் தாவரங்களுக்கு மிக நெருங்கியது, குளத்தில் இழை இழையாக மிதக்கும் ஸ்பைரோகைரா அடங்கிய கூட்டம்தான் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் மரத்தில் மாமரம், பெரணி, மாஸ் இருக்கும் கிளைக்குப் பக்கத்தில் குளத்துப் பாசி வரட்டும். மாஸைப் பெரணிக்குப் பாட்டி ஆக்கிவிடாதீர்கள், இரண்டும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. சுமார் 47 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலேயே நிலத் தாவர வித்துகள் (விதைகள் அல்ல, ஸ்போர்கள்) கிடைத்திருக்கின்றன.

ஸ்பைரோகைராவைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். ஈரத் தலைமுடியை எண்ணெயில் முக்கியது போல விரலிடுக்கில் வழுக்கும். சொரசொரப்பாகப் பஞ்சு போல இருந்தால் அது கிளாடோஃபோரா என்ற வேறு பச்சை ஆல்காவாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். வெயில் நாளில் மதியத்துக்குப் பிறகு எடுங்கள். விடிகாலையில் எடுத்தால் இரவில் மாவுச்சத்தைச் செலவழித்திருக்கும், அயோடின் சோதனை மங்கலாகத்தான் வரும். பாட்டிலில் பாதிக்கு மேல் நிரப்பாமல் நிழலில் வையுங்கள். நெருக்கி அடைத்தால் மறுநாளே இழைக்குள் இருக்கும் பச்சைச் சுருள் கலைந்து நாறும். கண்ணாடித் தகட்டில் நாலைந்து இழை, கட்டன் சாயா நிறத்துக்கு நீர்த்த டிங்சர் அயோடின் ஒரு சொட்டு. நுண்ணோக்கியில் 100 மடங்கில் பச்சைச் சுருள் நாடாவும், அதில் கருநீலப் புள்ளிகளும் தெரியும். சர்காசம் இப்படிக் கருநீலமாகாது, அது பச்சைச் செடிகளைப் போல மாவுச்சத்தைச் சேமிப்பதில்லை. பிள்ளைகளுக்கு உறவுமுறையை விளக்க இதைவிட எளிய வழி இல்லை.

மாஸுக்கு மருந்தே வேண்டாம். காய்ந்த துண்டைச் செய்தித்தாள் உறையில் போட்டு வைத்து, கண்காட்சியன்று தண்ணீர் தெளியுங்கள், சுருண்ட இலைகள் சில நிமிடங்களில் விரியும். இதன் தோழியான ரிக்கியா என்ற ஈரல் தாவரத்தை (லிவர்வோர்ட்) ஐப்பசி மழையில் வயல் வரப்பில் தேடுங்கள். ஈர மண்ணோடு ஒட்டி, இரண்டிரண்டாகக் கவர்விட்ட சிறு பச்சை வட்டம்.

கடற்பாசிக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நேரம் நல்லது. ஆனி, ஆடியில் பிள்ளைகளைப் பாறைப் பக்கம் கூட்டிப் போகவே வேண்டாம். எடுத்ததைக் கடல்நீரிலேயே கொண்டுவந்து, கடைசியில் ஒரே ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு மிஞ்சினால் காற்றின் ஈரத்தை இழுத்துத் தாள் நமுத்துப்போகும். தட்டில் தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் தடித்த வரைதாளை நுழைத்து, கிளைகளை ஈர்க்குச்சியால் விரித்து, மெல்லத் தூக்குங்கள். மேலே பழைய வேட்டித் துணி, இருபுறமும் செய்தித்தாள், அதன் மேல் பலகையும் செங்கலும். துணியை மறந்தால் பாசி செய்தித்தாளோடு ஒட்டிக் கிழியும். முதல் நாலு நாள் தினமும் தாளை மாற்றாவிட்டால், நம் ஊர் ஈரத்துக்கு ஐந்தாம் நாள் பூஞ்சைதான் கண்காட்சிக்கு வரும்.