கார்டு மெதுவா, சோதனை தப்பா?

கேள்வி: ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினி போர்டில் கேமரா பதிவு ஓடுகிறது, நடுநடுவே காட்சி விட்டுப்போகிறது. மெமரி கார்டின் வேகத்தைப் பார்க்க, இணையத்தில் கிடைத்த எஃப்ஐஓ (சேமிப்பு வேகத்தை அளக்கும் கருவி) கட்டளையை (ஒரே நேரத்தில் 16 வேலை; வரிசை ஆழம், அதாவது ஒவ்வொரு வேலையிலும் முடியக் காத்திருக்கும் கோரிக்கைகள், 32; 1 எம்பி துண்டு) ஓட்டினேன். 'கில்டு' என்று நின்றுவிட்டது. டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையில் 50 எம்பி எழுதினால் வினாடிக்கு 160 எம்பி என்கிறது. கடைக்காரர் விலை கூடிய ஏ2 கார்டு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள்.

அந்தக் கட்டளை பெரிய சர்வருக்கு எழுதப்பட்டது. 16 × 32 × 1 எம்பி, ஆக 512 எம்பி நினைவகம் கேட்கிறது. உங்கள் போர்டில் இருப்பதே அவ்வளவுதான். கெர்னல் (சிஸ்டத்தின் மையப்பகுதி) அதைக் கொல்லாமல் என்ன செய்யும்? டிடி காட்டிய 160-ம் பொய்தான். இந்தப் போர்டின் கார்டு பாதை 50 மெகாஹெர்ட்ஸ், 4 கம்பி. வினாடிக்கு 25 எம்பி-க்கு மேல் போகவே வழியில்லை. நீங்கள் அளந்தது ராமை.

எஃப்ஐஓ-விலேயே ஒரு வேலை, ஆழம் 1, துண்டு 1 எம்பி, டைரக்ட் 1 (ராமில் தேக்காமல் நேராகக் கார்டில் எழுத), கோப்பு 1 ஜிபி, தொடர் எழுத்து என்று வைத்து இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். சராசரி வேகத்தை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். தாமதத்தில் 'மேக்ஸ்' என்ற எண்ணைப் பாருங்கள். கார்டு உள்ளே இடம் ஒழிக்கும்போது எழுத்து அப்படியே நிற்கும். அந்த எண் ஒரு வினாடியைத் தாண்டினால் காட்சி விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஸ்வாப் (ராம் போதாதபோது துணைக்கு எடுக்கும் இடம்) அதே கார்டில் இருந்தால் சோதனைக்கு முன் அணைத்துவிடுங்கள்.

கோப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். '/டிஎம்பி' பல சிஸ்டங்களில் கார்டிலேயே இல்லை, ராமில் இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான லினக்ஸ்) ஓடும் ரூட்டர்களில் எப்போதும் அப்படித்தான். அங்கே 1 ஜிபி எழுதினால் கார்டில் ஒரு பைட் கூடப் போகாது. இடம் போதாமல் சோதனை பாதியில் நிற்கும். எந்த இடம் எதில் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையில், அந்த வரியில் 'டிஎம்பிஎஃப்எஸ்' (ராமில் இருக்கும் இடம்) என்று வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கடைக்காரர் விஷயம். ஏ1, ஏ2 முத்திரைகள் முக்கியமாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்து எழுதும் வேகத்துக்கானவை. ஏ2-வின் வினாடிக்கு 4000 படிப்பு, 2000 எழுத்து கிடைக்க போர்டிலும் கட்டளை வரிசை வசதி (பல கட்டளைகளை ஒன்றாகக் கார்டிடம் கொடுப்பது) வேண்டும். உங்கள் போர்டில் அது கிடையாது. வீடியோவுக்குப் பார்க்க வேண்டியது வி10: வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி தொடர் எழுத்து. உங்கள் கேமராவுக்கு அது தாராளம். உறையில் '100 எம்பி வரை' என்று கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகத்தை ஏன் அதே அளவில் அச்சிட மாட்டேன் என்கிறார்கள்? வாங்குகிறவன் ஏமாறட்டும் என்றே விட்டுவைத்த ஏற்பாடு இது.

அதைவிட மோசம், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் கார்டுகள். 8 ஜிபி சில்லை 64 என்று விற்பார்கள். நிரம்பியதும் பழைய பதிவு அழியலாம், பெரும்பாலும் எந்தப் பிழையும் காட்டாது. புதுக் கார்டு எதுவானாலும், உள்ளே ஒன்றும் வைப்பதற்கு முன் எஃப்3 கருவியால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். சில மணி நேரம் ஆகலாம். கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இதை முடித்துவிடுங்கள், பில் பத்திரம்.