லைப்சிக்ல பழசு எங்க இருக்கு? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

போன வருஷம் கம்பெனி வேலையா ஒரு டிரேட் ஃபேருக்கு ஜெர்மனியில இருக்குற லைப்சிக் போனேன். ஃபேர் நடக்குற இடத்துக்குப் பக்கத்துலயே ஹோட்டல் போட்டுக் குடுத்துட்டாங்க. ஒரே ஒரு சாயந்திரம் டவுனுக்குப் போய் சுத்திப் பாத்தேன். இசைமேதை பாக் இருந்த ஊரு, கவிஞர் கதே படிச்ச ஊருன்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா கண்ணுல பட்டது என்னமோ கண்ணாடி பில்டிங், மால், டிராம் தான். சர்ச் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதுவும் நேத்து கட்டினது மாதிரி இருக்கு. வர்ற செப்டம்பர்ல மறுபடி போறேன், அம்மாவும் வராங்க. ரிட்டயர்ட் தமிழ் டீச்சர், சுத்த சைவம், முட்டி வலி வேற. எங்க தங்கலாம்? இல்ல லைப்சிக்ல நாளை வீணாக்காம நேரா பக்கத்து ஊரு டிரெஸ்டன் போயிடலாமா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்,

டிரெஸ்டன் நல்ல ஊரு தான், ஆனா லைப்சிக்கை விட்டுட்டு அங்க போகாதீங்க தம்பி. நேத்து கட்டினது மாதிரி ஒரு சர்ச்சுன்னு எழுதியிருக்கீங்களே, நான் முதல்ல அம்மாவைக் கூட்டிட்டுப் போகச் சொல்றது அங்க தான்.

அது அகஸ்டஸ்பிளாட்ஸ்ல இருக்குற பவுலினும், யூனிவர்சிட்டியோடது. அந்த இடத்துல இருந்த சர்ச் 1240ல டொமினிக்கன் துறவிகளுக்காக வந்தது. 1545ல மார்ட்டின் லூதரே வந்து அதை யூனிவர்சிட்டி சர்ச்சா ஆக்கிக் குடுத்தார். ரெண்டாவது உலகப்போர்ல ஊரே குண்டுல எரிஞ்சப்ப கூட அது பெருசா சேதம் இல்லாம நின்னுச்சு. அதை இடிச்சது எதிரி இல்ல, அவங்க சொந்த அரசாங்கம். அப்ப கிழக்கு ஜெர்மனி, அந்த மைதானத்துக்கே கார்ல் மார்க்ஸ் பேரு வச்சிருந்தாங்க, அங்க சர்ச் எதுக்குன்னு சொல்லி 1968 மே 30ஆம் தேதி வெடி வச்சுத் தகர்த்தாங்க, எதிர்ப்பு தெரிவிச்சவங்கள்ல பல பேரைப் பிடிச்சு உள்ள வச்சாங்க. இப்ப நீங்க பாத்தது எரிக் வான் எகராட்ங்கிற டச்சு ஆர்க்கிடெக்ட் கட்டினது, 2017ல திறந்தாங்க. அதுல வேணும்னே பழைய சர்ச்சை அப்படியே திருப்பிக் கட்டல. உள்ள போனீங்கன்னா பழைய சர்ச் தூணுங்க இருந்த ஞாபகத்துக்கு கண்ணாடித் தூண் வச்சிருக்காங்க, உள்ள விளக்கு எரியும், அதுல சிலது தரைக்கே வராது, பாதியில அந்தரத்துல நிக்கும். வெடி வைக்கிறதுக்கு முன்னாடி கிடைச்ச சில நாள்ல அவசர அவசரமா கழட்டிக் காப்பாத்தின நினைவுப் பலகைங்களை இப்ப திரும்ப மாட்டியிருக்காங்க. கிட்ட போய் பாருங்க, மரத்துலயும் கல்லுலயும் அடிபட்ட தடம் தெரியும். எப்பவும் திறந்திருக்காது, நிகழ்ச்சி இருந்தா மூடிடுவாங்க, அதனால நேரம் பாத்துட்டுப் போங்க.

அதனால தான் சொல்றேன், இந்த ஊர்ல புது பில்டிங் கண்ணுல பட்டா பழசு இல்லன்னு நினைச்சு நகந்து போயிடக் கூடாது, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு, ஏன் போச்சுன்னு கேக்கணும். ஊரோட சரித்திரம் பாதி அந்தப் பதில்ல தான் இருக்கு.

இப்ப ஹோட்டல். போன தடவை உங்களுக்கு ஊரு பிடிபடாம போனதுக்குக் காரணமே தங்கின இடம் தான்னு நான் நினைக்கிறேன். ஃபேர் கிரவுண்ட் 1996ல ஊருக்கு வடக்கே வெளியில போயிடுச்சு, அங்க தங்கினா ஹைவேயும் பார்க்கிங்கும் தான் தெரியும். இந்தத் தடவை ரிங் ரோட்டுக்கு உள்ளயே ரூம் போடுங்க. பழைய கோட்டைச் சுவர் இருந்த இடம் தான் இப்ப ரிங், உள்ள இருக்குற ஊரை மெதுவா நடந்தாலே இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு கால் மணி நேரத்துல போயிடலாம், அம்மா மத்தியானம் ரூமுக்கு வந்து காலை நீட்டிப் படுத்துட்டு சாயந்திரம் மறுபடி கிளம்பலாம். முட்டி வலி இருக்கறவங்களுக்கு இதை விடப் பெரிய வசதி கிடையாது. புக் பண்ணும்போதே ரெண்டு விஷயம் எழுதிக் கேளுங்க. ஒண்ணு, பாத்ரூம்ல ஷவருக்கு படி ஏறாம போற மாதிரி ரூம், ஏன்னா பக்கெட்டும் மக்கும் அங்க கிடையாது, சில இடத்துல டப்புக்குள்ள காலைத் தூக்கி வச்சுத் தான் குளிக்கணும். இன்னொண்ணு, தெருப்பக்கம் இல்லாம உள் முற்றத்தைப் பாத்த ரூம், டிராம் சத்தம் ராத்திரியிலயும் கேக்கும். டபுள் பெட்னாலும் ஆளுக்கு ஒரு தனி ரஜாய் மடிச்சு வச்சிருப்பாங்க, அதுக்கு மேல எக்ஸ்ட்ரா போர்வை வேணும்னா கேட்டு வாங்கணும். கெட்டில் எல்லா இடத்துலயும் இருக்காது, அம்மாவுக்குக் காலையில காபி இல்லாம முடியாதுன்னா சின்னதா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. பிரேக்ஃபாஸ்ட்ல பிரெட், சீஸ், பழம், ஓட்ஸ், நல்ல கெட்டித் தயிர் எல்லாம் இருக்கும், சைவத்துக்குப் பிரச்சனை இல்ல, ஜெல்லி மாதிரி ஸ்வீட் மட்டும் ஜெலட்டின் இருக்கான்னு கேட்டுட்டு சாப்பிடுங்க. குழாய்த் தண்ணி தாராளமா குடிக்கலாம். ஞாயித்துக்கிழமை ஊரே கடையை மூடிடும், மெயின் ஸ்டேஷனுக்குள்ள சில கடை மட்டும் திறந்திருக்கும். அந்த ஸ்டேஷனே ஒரு பாக்க வேண்டிய இடம், 1915ல முடிச்சது, முகப்பு மட்டும் 298 மீட்டர்.

நீங்க டிரேட் ஃபேருக்குப் போன ஆளு, அதனால இது உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1497ல மன்னர் மாக்ஸிமிலியன் இந்த ஊர் சந்தைக்குத் தனி உரிமை குடுத்தார், அதுல இருந்து வளந்த ஊரு இது. பார்ட்டெல்ஸ் ஹோஃப்னு ஒண்ணு மார்க்கெட் பக்கத்துல இருக்கு, 1750 வாக்குல முடிச்சது. வண்டி ஒரு தெருவுல உள்ள நுழைஞ்சு, முற்றத்துல சரக்கை இறக்கிட்டு, திருப்பாமலே அடுத்த தெரு வழியா வெளிய போயிடும். மேல அண்ணாந்து பாருங்க, மூட்டையை மாடிக்கு ஏத்தின உத்தரம் இன்னும் நீட்டிக்கிட்டு நிக்குது. அப்புறம் 1895 வாக்குல மூட்டையைக் கொண்டு வராம சாம்பிள் மட்டும் காட்டி ஆர்டர் எடுக்குற முறை வந்துச்சு, இன்னைக்கு உலகம் பூரா நடக்குற டிரேட் ஃபேர் அதே முறை தான். அதுக்காகக் கட்டின மாளிகைங்க தான் மேட்லர் பாசேஜ் மாதிரி கூரை போட்ட வழிங்க. அதுக்குக் கீழ கதே ஸ்டூடண்ட்டா இருந்தப்ப போன அவர்பாக்ஸ் கெல்லர் இருக்கு, படிக்கட்டு பக்கத்துல நிக்கிற, கதே நாடகத்து நாயகன் ஃபவுஸ்ட் சிலையோட ஷூ முனை தேய்ச்சுத் தேய்ச்சுப் பொன்னா மின்னும்.

நிக்கோலாய் சர்ச் வெளியில இருந்து பாத்தா சாதாரணமா இருக்கும். உள்ள போனா வெள்ளைத் தூணுங்க மேல போய் பச்சைப் பனையோலையா விரியும். 1982ல இருந்து திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு அமைதிக்கான ஜெபம் அங்க நடந்துச்சு, இப்பவும் நடக்குது. 1989 அக்டோபர் 9ஆம் தேதி அதை முடிச்சுட்டு வெளிய வந்த கூட்டம் எழுபதாயிரம் பேருக்கு மேல சேந்து, சுதந்திரம் கேட்டு ரிங் ரோட்டைச் சுத்தி நடந்துச்சு, கையில மெழுகுவத்தி. சுத்தியும் ஆயுதத்தோட போலீஸ். சுடுவாங்கன்னு எல்லாரும் பயந்தாங்க, அந்த வருஷம் ஜூன்ல பெய்ஜிங்ல போராடின ஜனங்களை ராணுவம் சுட்டது எல்லாருக்கும் தெரியும். கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்தின குர்ட் மசூர் உட்பட ஆறு பேர் கையெழுத்து போட்ட அமைதி வேண்டுகோளை ஒலிபெருக்கியில படிச்சாங்க. ஒரு குண்டு கூட வெடிக்கல. சரியா ஒரு மாசம் கழிச்சு பெர்லின் சுவர் திறந்துச்சு. துப்பாக்கிக்கு முன்னாடி மெழுகுவத்தியோட நடந்த அந்த ஜனங்க மேல எனக்கு இருக்குற மரியாதையை எழுத்துல சொல்ல முடியல. அவங்க நடந்த வழி நீங்க டிராம் ஏறி இறங்குற அதே ரோடு தான். சர்ச்சுக்குப் பக்கத்துத் தரையில காலடித் தடம் பதிச்ச ஒரு வெண்கலப் பலகை இருக்கும், தேடிப் பாருங்க.

பாக் 1723ல இருந்து 1750ல சாகுற வரை வேலை பாத்த தோமஸ் சர்ச்சுக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரமோ சனிக்கிழமை மத்தியானமோ போங்க, பையன்களோட கோரஸ் பாடும், ஸ்கூல் லீவுல மட்டும் இருக்காது. 91 மீட்டர் உயர நெப்போலியன் போர் நினைவுச் சின்னத்தை 15ஆம் நம்பர் டிராம்ல போய் கீழ நின்னு பாத்தா போதும், மேல ஏற ஐநூறு படி, அம்மாவுக்கு வேண்டாம்.

டிரெஸ்டனுக்கு வச்சிருக்குற நாளைப் பக்கத்து ஊரு ஹாலேக்குக் குடுங்க. எஸ்-பான் ரயில்ல முக்கால் மணி நேரம் கூட ஆகாது. 1706ல தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குக்கு ஆதரவா நின்ன ஃபிராங்கே நிறுவனம் அங்க தான் இருக்கு. சீகன்பால்கு அச்சடிச்ச முதல் தமிழ் எழுத்துங்களை ஹாலேல வார்த்து தான் கப்பல்ல அனுப்பினாங்க, அவர் எழுதின தமிழ் இலக்கணம் 1716ல அங்கேயே அச்சாச்சு, தமிழ் ஓலைச்சுவடிங்க அவங்க ஆவணக் காப்பகத்துல இன்னும் பத்திரமா இருக்கு. தமிழுக்குச் செஞ்சதுல லைப்சிக்குக்கும் பங்கு உண்டு. லைப்சிக் மிஷன்ங்கிற கிறிஸ்தவ ஊழிய அமைப்பை நடத்தின கார்ல் கிரவுல் நம்ம ஊர்ப்பக்கம் வந்து தமிழ் படிச்சுட்டுத் திரும்பி, 1856ல திருக்குறளை ஜெர்மன்ல கொண்டு வந்தது இந்த ஊர்ல இருந்து தான். அம்மாகிட்ட இதைக் கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அவங்க கேள்வியோட வருவாங்க. ஹாலேல ஃபிராங்கே நிறுவனத்து மியூசியம் திங்கக்கிழமை லீவு, அதனால திங்கக்கிழமை லைப்சிக்ல இருங்க, அஞ்சு மணிக்கு நிக்கோலாய், செவ்வாய் ஹாலே.